பிடியை விடப் பழகுதல்: இறைவனிடம் ஒப்படைக்கக் கற்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாத வீடு எங்கள் கரையில் இல்லை. சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்திராத வீடும் இல்லை. நான் இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகன் குவைத்தில் வேலை செய்கிறான். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவான எங்கள் அன்பியத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, ஒப்படைப்பை வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் பழக்கமாக்க முயன்றபோது எது பலித்தது, எங்கே எல்லாரும் இடறினோம் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தடுமாறியவர்களில் பெரும்பாலோர் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். இரண்டாம் படியை விட்டுவிட்டு நான்காம் படிக்குத் தாவியவர்கள். ஆகவே படிகளை இதே ஒழுங்கில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். மனத்தில் இருக்கும் கவலை நாளுக்கு ஒரு வேடம் போடும். நேற்று எதற்காக அழுதோம் என்பது இன்று நினைவிலிருக்காது. தாளில் எழுதியது அப்படி மாறாது என்பதால் நோட்டு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் இருபது நிமிடங்கள் வேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உடல் களைத்த வேளையில் கவலையின் கை ஓங்கியிருக்கும். நாங்கள் விடியற்காலைத் திருப்பலி முடிந்த நேரத்தை வைத்துக்கொண்டோம்.

துணைக்கு ஒருவர் வேண்டும். கணவர், மாமியார், மகள் போன்ற வீட்டாராக அவர் இருக்கக் கூடாது. உங்கள் கவலைப் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்கும் என்பது காரணம். புத்தி சொல்லாமல் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அப்படிப்பட்டவர் கிடைப்பதுதான் கடினம். ஊரில் புத்தி சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

தொடங்கும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்த இரவில், படகு திரும்பாத காலையில், மருத்துவமனை வராந்தாவில் இதைத் தொடங்குகிறவர்கள் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையோரம் நிற்கும்போதுதான் இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கிறோம், வலையைப் பொத்துகிறோம். இந்தப் பயிற்சிக்கும் அப்படி ஒரு சாதாரணமான காலமே பொருந்தும்.

1. கவலையை எழுதாதீர்கள், கை செய்வதை எழுதுங்கள்

முதல் வாரம் முழுவதும் இந்த ஒரு வேலைதான். "பயமாக இருக்கிறது", "மனசு சரியில்லை" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்வேன். பயம் புகை போன்றது. அதைப் பிடித்து யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அந்தப் பயத்தினால் உங்கள் கை என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது: "அவர் கடலுக்குப் போன இரவு பதினான்கு முறை போன் செய்தேன்." கரையிலிருந்து சற்றுத் தொலைவு போனதும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், இருபது ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்லும் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்பதற்காகவே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ஏதோ செய்துவிட்ட நிறைவு அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்துக்குத்தான் நான் அடிமையாகியிருந்தேன் என்பது எழுதிப் பார்த்த பிறகே தெரிந்தது.

மற்றவர்கள் எழுதியவை: மகனின் தேர்வு முடிவு வரும்வரை நாளுக்கு மூன்று சோதிடர்களின் காணொளி பார்த்தல், மருமகள் சமைத்த குழம்பை அவள் அந்தப்பக்கம் போனதும் திறந்து உப்புப் பார்த்தல், பாசி எடுக்கப் போன இடத்தில் கவனம் முழுவதும் கரையில் விட்டு வந்த கைப்பையில் இருத்தல். சிறியவை என்று ஒதுக்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். நான்காம் படியில் சிறியவைதான் முதலில் தேவைப்படும்.

2. மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பொதுவாக "என்னால் முடிந்தது, முடியாதது" என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், சரிவரவில்லை. இரண்டே பத்தி இருந்தால், பிறர் செய்ய வேண்டியதையெல்லாம் நாம் "என்னால் முடிந்தது" பக்கத்தில் போட்டுக்கொள்கிறோம். எனவே நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து, ஒவ்வொரு கவலையிலும் அடங்கியதை மூன்று பத்தியாக எழுதுங்கள்: என் பங்கு, பிறர் பங்கு, இறைவன் பங்கு.

ஓர் எடுத்துக்காட்டு. கணவர் வாடைக் காலத்தில் கடலுக்குப் போகிறார். வானிலை அறிவிப்பைக் கேட்டு அவரிடம் சொல்வது, குடிதண்ணீரும் சோறும் கட்டிக் கொடுப்பது, மீனவர் அடையாள அட்டைக்கும் படகுப் பதிவுச் சான்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒரு கோப்பில் வைப்பது ஆகியவை என் பங்கு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் முதலில் தேடப்படுவது அந்த நகல்கள்தான். எங்கே வைத்தார் என்று தெரியாமல் அலமாரியைக் கலைத்துப் போட்டு அழுத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, லைஃப் ஜாக்கெட்டைப் போடுவது, எந்தக் கடற்பகுதியில் வலை விடுவது என்பவை அவர் பங்கு. காற்று எப்போது திரும்பும், மீன் படுமா படாதா என்பவை இறைவன் பங்கு.

புதியவர்கள் இடறும் இடம் நடுப்பத்தி. ஒரு சகோதரி அதை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"டீச்சர், நான் சொல்லலேன்னா எங்க வீட்டுல ஒண்ணும் நடக்காது" என்றார்.

"நீங்க அம்மா வீட்டுக்குப் போன பத்து நாள்ல என்ன நடந்துச்சும்மா?"

அவர் சற்று யோசித்தார். "சோறு குழைஞ்சிருச்சாம். மத்தபடி ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார்.

கடவுளிடம் விடுவதைவிடக் கடினமானது கட்டியவரிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் விடுவது. மனிதரிடம் விடாத ஒன்றைக் கடவுளிடம் விட்டதாகச் சொல்வது பொய்க்கணக்கு. மகளின் மாப்பிள்ளையை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அவளுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் ஒட்டுக்கேட்டவர்கள் எங்களில் உண்டு. நடுப்பத்தியில் ஒருவர் பெயர் வந்தால் அவரிடம் நேரில் சென்று, "இது உன் முடிவு, நான் இனிக் குறுக்கே வரமாட்டேன்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

3. உங்கள் பங்கை முதலில் முடியுங்கள்

மூன்று பத்தியும் நிறைந்த பிறகு உடனே செபத்துக்குப் போக வேண்டாம். முதல் பத்தியில் உள்ளவற்றைச் செய்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். செய்யாமல் விட்ட கடமை ஒன்று இருந்தால், ஒப்படைத்த பிறகும் மனம் அடங்காது. அந்த அடங்காமையை நம்பிக்கைக் குறைவு என்று தவறாக எண்ணிக்கொண்டு கூடுதலாகச் செபமாலை சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு செபமாலை அல்ல, சங்கத்தில் கட்ட வேண்டிய தவணை.

இந்த வரிசை எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பவா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகக் கீழக்கரையிலுள்ள என் தோழி சொல்வாள். அவர்கள் அதைத் தவக்குல் என்கிறார்கள். விபீடணன் இராமனைச் சரணடைந்ததோடு சேர்த்துப் பேசப்படும் தலம் திருப்புல்லாணி. அந்தக் கதையிலும் விபீடணன் இலங்கையில் இருந்துகொண்டே சரணம் என்று சொல்லவில்லை; அண்ணனிடம் நியாயத்தை எடுத்துச் சொல்லி, எடுபடாமல் போன பிறகு, அரண்மனையை விட்டுக் கடலைக் கடந்து வந்து நின்ற பின்னரே அந்தச் சொல் வருகிறது.

பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும்போது கடலுக்குப் போவது விசுவாசம் ஆகாது. அதை நான் ஆண்டவரைச் சோதிப்பது என்றே சொல்வேன்.

நோய்க்கும் இது பொருந்தும். மருத்துவமும் மருந்தும் உங்கள் பங்கில் அடங்கும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த நோட்டை மூடி வைத்துவிட்டு இராமநாதபுரத்தில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2001 ஆகஸ்டில், மனநோய் தீர வேண்டிக்கொள்ளத் தர்காவுக்கு அழைத்து வரும் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்த மாவட்டத்திலேயே வாழ்கிற நாம், மனநோய்க்கு வேண்டுதல் மட்டும் போதும் என்று இனியும் சொல்லக் கூடாது.

4. ஒரு பொருள், ஒரு வாக்கியம், வாய்விட்டு

இப்போதுதான் ஒப்படைப்பு. மூன்றாம் பத்தியிலிருந்து மிகச் சிறிய ஒன்றை எடுங்கள். கணவரின் உயிரை எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். பழகாத கை பெரிய பாரத்தை இறக்கி வைக்காது, கீழே போட்டுவிட்டுப் பயந்து மீண்டும் தூக்கிக்கொள்ளும். நான் முதலில் எடுத்தது, மறுநாள் பேருந்து நேரத்துக்கு வருமா என்பது.

ஒரே மூச்சில் முழுக் குடும்பத்தையும் ஒப்படைக்கும் நீண்ட செபங்கள் இந்தப் பயிற்சிக்கு உதவா. எதை விட்டோம் என்று நமக்கே தெரியாமல் போனால், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் தெரியாமல் போகும். வாக்கியத்தில் மூன்று உறுப்பு இருக்கட்டும்: பொருளின் பெயர், அது என் கையில் இல்லை என்ற ஒப்புதல், நான் விரும்பியபடி முடியாவிட்டாலும் என்ற சேர்க்கை. "ஆண்டவரே, மகனுடைய விசா புதுப்பிப்பு என் கையில் இல்லை, நான் விரும்பியபடி முடியாவிட்டாலும் அதை உம் கையில் விடுகிறேன்." வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொன்னால் மூன்றாம் உறுப்பு எப்படியோ நழுவிவிடுகிறது. அன்பியத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டபோது, பத்துக்கு எட்டுப் பேர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டதைக் கண்டோம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே முதலில் இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று தம் விருப்பத்தைச் சொன்ன பிறகுதான் தந்தையின் விருப்பத்துக்கு விட்டார். எனவே நீங்கள் விரும்புவதை மறைக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கடைசிச் சேர்க்கையையும் சொல்லுங்கள்.

நேர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. படகு நல்லபடியாகத் திரும்பினால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொள்வது எங்கள் ஊர் வழக்கம், நானும் நடந்திருக்கிறேன். அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் இந்தப் பயிற்சிக் காலத்தில் புதிய நேர்ச்சை வேண்டாம் என்கிறேன். இதைத் தருகிறேன், அதைத் தா என்று சொல்லும்போது கயிற்றின் ஒரு முனை நம் கையிலேயே இருக்கிறது. காணிக்கை கொடுக்க விரும்பினால் முடிவு எதுவாக இருந்தாலும் கொடுங்கள்.

5. ஒரு செயலை நிறுத்துங்கள்

வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் முதல் படியில் எழுதிய செயலுக்குத் திரும்புங்கள். அந்தப் பொருளுக்காக உங்கள் கை செய்து வந்ததை, குறித்த நேரம் வரை செய்யாமல் இருக்க வேண்டும். முதல் தடவை இரண்டு மணி நேரம் போதும். மனத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அது கவலைப்பட்டுக்கொண்டே இருக்கட்டும். கை ஓய்ந்தால் மனம் பின்னாலேயே ஓயும் என்பது எங்கள் அனுபவம். முதலில் மனத்தை ஓயவைக்க முயன்றவர்கள் யாரும் கரையேறவில்லை.

இது ஏன் பலிக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தவர் என் கணவர். கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு மாலையில், கரைக்குச் சற்றுத் தள்ளிக் கட்டியிருந்த வள்ளம் இழுபடுவதைக் கண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லிக் கத்தினேன். அவர் நீந்திப் போய் ஏறி, நேர்மாறாக, சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பாகம் பாகமாகக் கடலில் விட்டார் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்). ஈரக் கயிறு வள்ளத்தின் விளிம்பில் உராய்ந்து இறங்கிய ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. வள்ளம் பின்வாங்கிப் போய், ஒருமுறை மூக்கைத் தூக்கி, பிறகு நின்றுவிட்டது. "கயிறு குட்டையா இருந்தா அலை தூக்குறப்ப நங்கூரத்தையும் சேத்துத் தூக்கிரும். மூணு பாகம் தண்ணிக்குப் பதினஞ்சு பாகம் கயிறு விடணும். அப்பத்தான் படுக்கையா இழுக்கும், மண்ணுல கடிக்கும்" என்றார். ஐந்து மடங்கு என்ற அந்தக் கணக்கு கடலோடும் எல்லாருக்கும் தெரிந்ததே; காற்று கூடக்கூடக் கயிறும் கூட விட வேண்டும். நானோ காற்று கூடக்கூட இறுக்கிப் பிடிப்பவளாக இருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். கைக்கு வேலை கொடுங்கள்: நெத்திலி ஆயலாம், கருவாட்டைத் திருப்பிப் போடலாம், ஓலை முடையலாம். வேலையில்லாத கை போனைத் தேடும். இரண்டு மணி நேரம் பழகியதும் அரை நாள், பிறகு ஓர் இரவு என்று கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாளே ஓர் இரவு என்று வைத்துக்கொண்டு நள்ளிரவில் தோற்றவர்கள் மறுநாள் திரும்பி வருவதில்லை.

6. பதில் வராத நேரத்துக்கு

சிலவற்றுக்கு விரைவில் விடை தெரியும். சில மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இடைவெளியில் முறையிடலாம். திருப்பாடல்களில் முறையீடும் புலம்பலும் எவ்வளவு என்று பாருங்கள். புயலில் படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவைச் சீடர்கள் எழுப்பியதும் குறையோடுதான்: நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று. மாற்கு எழுதியதில் அவர் முதலில் காற்றை அடக்கிவிட்டுப் பிறகு ஏன் அஞ்சினீர்கள் என்று கேட்கிறார். மத்தேயு எழுதியதில் கேள்வி முதலில், காற்று அடங்குவது பிறகு. நான் மாற்குவின் வரிசையைப் பிடித்துக்கொள்கிறேன். மூழ்கும் நிலையில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது எனக்குத் தகாததாகப் படுகிறது.

விடை கெட்டதாகவும் வரலாம் என்பதை இந்தக் கரையில் மறைத்துச் சொல்ல இயலாது. 1964 டிசம்பர் புயலில் மேற்கூரை போன தேவாலயத்தின் சுவர்கள் தனுஷ்கோடியில் இன்றும் நிற்கின்றன. அன்றிரவு செபிக்காதவர்களா அங்கே இருந்திருப்பார்கள்? ஒப்படைத்தால் ஒன்றும் நேராது என்று சொல்லிக் கொடுப்பவரிடம் இந்தப் பயிற்சியைக் கற்க வேண்டாம். நேர்வதைத் தாங்கும்போது தனியாக இல்லை என்பது மட்டுமே நான் கண்டது.

இங்கே நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். கடலுக்குப் போன கணவர் திரும்பாத ஒரு பெண்ணிடம், மூன்றாம் நாளே, "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா" என்று சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஓராண்டு என்னிடம் பேசவில்லை. அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவளுக்கு முன்பாக நான் சொல்லிவிட்டேன். ஒப்படைப்பின் சொற்களை அவரவர் தமக்காக மட்டுமே சொல்லிக்கொள்ளலாம். துக்க வீட்டில் உங்கள் பங்கு கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும்தான்.

7. திரும்பப் பிடுங்கிக்கொண்டால்

பிடுங்கிக்கொள்வீர்கள். எல்லாரும் பிடுங்கிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் "எனக்கு விசுவாசமே இல்லை" என்று நோட்டைத் தூக்கி எறிவது பொதுவான பிழை. பிடுங்கியதை மறைத்துத் துணையிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்வது அதைவிடப் பெரிய பிழை.

செய்ய வேண்டியது எளிது. பொருளின் பெயருக்கு நேராக, ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அதே வாக்கியத்தை மீண்டும் வாய்விட்டுச் சொல்லி, புதிய நேரத்தைக் கீழே எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம்; காரணம் எழுதத் தொடங்கினால் அது பிறரைப் பற்றிய புகாராக மாறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை துணையோடு உட்கார்ந்து இடைவெளிகளை மட்டும் பாருங்கள். எத்தனை முறை பிடுங்கினோம் என்று எண்ணாதீர்கள். இரண்டு ஒப்படைப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் கை சும்மா இருந்தது என்பதே பார்க்க வேண்டிய கணக்கு.

ஒரு பொருளில் இடைவெளி ஒரு வாரத்தைத் தொட்டதும் பட்டியலில் அதற்கு அடுத்த பெரிய பொருளை எடுக்கலாம். முந்தையதை அடித்துவிட வேண்டாம், திரும்ப வரும். என் நோட்டில் மகனின் விசாவுக்கு நேராக முதல் நாள் காலை 6.10 என்றும், அதன் பக்கத்தில் 6.25 என்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் நிறைந்து, இப்போது ஒட்டுத்தாள் ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.